பதினொரு கிளிப்

முதலையின் முதுகில் பாதிக்குத்தான் பச்சை ஏறியிருக்கிறது; அதற்குள் மேசைமேல் மணி அடித்துவிட்டது. இன்னும் நாலு இழுப்பு இழுத்தால் முதுகு முடிந்துவிடும். வேறு யாராக இருந்தாலும் முடித்துவிட்டுத்தான் நிமிர்வார்கள். மணியக்கா டிஜிட்டல் பேனாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

"நாலு இழுப்புதானேக்கா? முடிச்சுட்டுப் போனா என்னவாம்?" என்கிறார் பக்கத்து மேசைக்காரர். கம்ப்யூட்டரில் கோட்டோவியம் போடுவது அவர் வேலை. அந்தக் கோட்டுக்குள் நிறம் கொடுப்பது மணியக்கா வேலை.

"நாலுன்னு உக்காந்தா நாப்பதாகும். அந்த நாலு இழுப்போட யோக்கியதை எனக்குத் தெரியாதா?"

மேசையிலிருந்து ஜன்னலுக்குப் பதினெட்டு அடி. ஜன்னல் கதவைத் தள்ளித் திறந்து இடது கையால் பிடித்துக்கொள்கிறார். பிடிக்காவிட்டால் அது தானாக வந்து மூடிக்கொள்ளும். கொக்கி உடைந்து எட்டு மாதம் ஆகிறது. இரண்டு தடவை எழுதிக் கொடுத்தும் அலுவலகம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அட்டையை மடித்து இடுக்கில் செருகினால், பெருக்குகிறவர் மறுநாள் காலையில் குப்பை என்று எடுத்துப் போட்டுவிடுகிறார். ஆகவே ஒரு கை எப்போதும் ஜன்னலுக்கு.

ஜன்னலுக்கு வெளியே இரண்டு கூரைகள், ஒரு சாலை, ஒரு வரிசை மரங்கள். அதற்கும் அப்பால் ஒரு கட்டடத்தின் நாலாவது மாடி பால்கனியில் ஒரு துணிக்கொடி. துணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கொடியில் கிளிப்புகள் இருக்கும், சிவப்பும் மஞ்சளுமாக. அந்த வீட்டுக்காரர் யாரென்று மணியக்காவுக்குத் தெரியாது. ஆனால் அவரிடம் எத்தனை கிளிப் இருக்கிறது என்பது அவரைவிட இவருக்கு நன்றாகத் தெரியும்.

"பதினொன்னு," என்று வாய்விட்டுச் சொல்கிறார். சொல்லிவிட்டுத் திரும்பி வருகிறார். உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துக் கண்களை ஒரு தடவை பொத்திக்கொள்கிறார். ஜன்னலில் நிற்கும்போதே பொத்திக்கொண்டால் இன்னும் சுகமாக இருக்கும். ஒரு கை ஜன்னலுக்குப் போய்விடுவதால் முடியாது. பிறகு மணியை இருபது நிமிடத்துக்கு முறுக்கிவைத்துவிட்டு முதலையிடம் திரும்புகிறார்.

கண் நன்றாக இருக்கிற நாளில் பதினொன்று தெரியும். சாயங்காலம் ஒன்பதுதான் தெரிகிறது என்றால், நுணுக்கமான வேலையை மூடி வைத்துவிட்டு வானம், தண்ணீர், சுவர் என்று பெரிய இடங்களுக்கு மட்டும் நிறம் கொடுப்பார். ஏழு என்றால் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அப்படி இரண்டு தடவை கிளம்பியிருக்கிறார். இரண்டு தடவையும் அனுமதி கேட்கவில்லை, தகவல்தான் சொன்னார்.

வயது நாற்பத்தாறு. குழந்தைகளுக்கான படப் புத்தகங்கள் தயாரிக்கிற இந்த மூன்றாம் மாடி அலுவலகத்தில் எட்டு மேசைகள். அவற்றுள் மிகப் பழைய ஆள் இவர்தான். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்புகிறார். மேசைமேல் இருக்கிற அந்த முறுக்கு மணி கொடுத்த பெயர்தான் நிலைத்துவிட்டது. முட்டை வேகவைக்கும்போது நேரம் பார்க்கிற சாதாரண சமையலறை மணி அது. வெள்ளையாக வாங்கியது பழுப்பேறி, எண்களில் பாதி அழிந்துபோய்விட்டது.

அவருடைய மேசையைப் பார்க்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். திரையில் எழுத்துகளும் கருவிப் படங்களும் அவ்வளவு பெரிதாக இருக்கும். "அக்காவோட ஸ்கிரீனை எதிர்ப் பஸ் ஸ்டாப்புல நின்னே படிக்கலாம்" என்பது பக்கத்து மேசைக்காரரின் பழைய ஜோக். மின்விசிறியின் முகம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். நேரே அடிக்கிற காற்று "கண்ணு ஈரத்தைத் தின்னுடும்" என்பார். திரைக்குப் பின்னால், சுவரில் ஒளி படும்படி ஒரு சின்ன விளக்கு. படத்தைச் சுற்றியிருக்கும் வெறும் இடம் வெள்ளையாக இருக்காது, மங்கலான சாம்பல். காலையில் வந்ததும் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடிப்பார். தாளைவிடத் திரை பளிச்சென்று இருந்தால் குறைப்பார், மங்கியிருந்தால் கூட்டுவார். நுணுக்கமான இடம் வந்தால் முகத்தைத் திரைக்குக் கொண்டுபோக மாட்டார், படத்தைப் பெரிதாக்கிக்கொள்வார். "முதலை வேணும்னா எங்கிட்ட வரட்டும். நான் எதுக்கு அதுகிட்டப் போகணும்?"

திரையின் கீழ் விளிம்பில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. 'இமை' என்று ஒரே ஒரு சொல். வேலை செய்யும்போது தன் முகத்தை ஒரு நாள் கைபேசியில் படம் பிடித்துப் பார்த்தார். ஒரு நிமிடத்துக்கு இரண்டே இரண்டு தடவை கண் சிமிட்டியிருந்தார். "கடை பொம்மைகூட இதைவிடக் கூடச் சிமிட்டும்" என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு எழுதி ஒட்டியது அது.

இவ்வளவும் ஒரே நாளில் வந்த ஞானம் இல்லை. ஐந்து வருடத்துக்கு முன்புவரை, உட்கார்ந்த இடத்தைவிட்டு ஐந்து மணி நேரம் அசையாதவர் என்று பெயர் எடுத்தவர் இவர். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பிறகு கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தல் வந்தது. தலைவலி வந்தது. ஒரு நாள் வேலை முடித்து நிமிர்ந்தபோது, அழைத்துப்போக வந்து வாசலில் நின்ற கணவரின் முகம் தெரியவில்லை. சட்டையை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டார். அன்று பயந்துபோனார். நான்கு மாதம் திரைப் பக்கமே போகக் கூடாது என்று ஆகிவிட்டது.

கண் டாக்டர் நல்லவர்தான், ஆனால் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர். "வயசு நாப்பது தாண்டியாச்சு. ஒண்ணு இந்தத் தொழிலை விடுங்க, இல்ல கண்ணைப் பத்தின கவலையை விடுங்க."

"ரெண்டையும் விட மாட்டேன் டாக்டர். நடுவுல ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க, இல்லன்னா நானே கண்டுபுடிச்சுக்கறேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில், இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து தூரமாக எதையாவது பார்க்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். சொல்வது சுலபம். நிறத்துக்குள் இறங்கிவிட்டால் இருபது நிமிடம் எங்கே, இரண்டு மணி நேரம் எங்கே என்றே தெரியாது.

கணவர் நெடுந்தூரப் பேருந்து ஓட்டுநர். "அவரு பாக்குறதெல்லாம் தூரம், நான் பாக்குறதெல்லாம் கிட்ட. நடுவுல இருக்குற வீட்டை யாரும் பாக்குறதில்லன்னு எங்க மாமியார் சொல்லுவாங்க" என்று மணியக்கா சொல்லிச் சிரிப்பார். மனைவியின் கதையைக் கேட்ட ஓட்டுநருக்கு ஆச்சரியமே இல்லை.

"ரோட்டையே மொறைச்சுக்கிட்டு ஓட்டுனா ரோடு நம்மளத் தூங்க வச்சிரும்மா. கண்ணாடி, ரோடு, மீட்டர், ரோடுன்னு கண்ணு ஓடிக்கிட்டே இருக்கணும். நிக்கவே விடக் கூடாது."

மறுநாள் காலையில் சமையலறை மணியை எடுத்து மனைவியின் பைக்குள் போட்டவர் அவர்தான். அன்றிலிருந்து அந்த வீட்டில் முட்டை ஒரு நாள் கல், ஒரு நாள் கூழ்.

கண்ணைக் காப்பாற்றப் போய் வேலையைக் கெடுத்த கதையும் ஒன்று உண்டு. மணியக்கா அதை மறைப்பதில்லை. சாயங்காலம் ஆனால் திரையின் வெளிச்சம் தானாக மஞ்சளாக மாறும்படி கம்ப்யூட்டரில் ஒரு வசதி இருக்கிறது. கண்ணுக்கு இதமாக இருக்கும். அதைப் போட்டுவிட்டவர், நிறம் கொடுக்கும்போது அணைக்க மறந்துவிட்டார். ஒரு யானைக் குடும்பத்தின் கதை அது. மஞ்சள் திரையில் சாம்பல் யானை பழுப்பாகத் தெரிந்தது. அதைச் சரிக்கட்ட நீலம் கூட்டினார், இன்னும் கூட்டினார். மூன்று சாயங்காலத்தில் பன்னிரண்டு பக்கம். மாதிரி அச்சு வந்தபோது அப்பா யானை, அம்மா யானை, குட்டி யானை எல்லாம் மை பாட்டிலில் முக்கி எடுத்ததுபோல் நீலமாக நின்றன.

"தப்பு எம்மேலதான்," என்று அன்று எட்டு மேசைக்கும் கேட்கும்படி சொன்னார். "மஞ்சளைப் போட்டுக்கிட்டே கலர் அடிச்சது தப்பு. கண்ணைப் பாத்துக்கிட்டது தப்பு இல்ல." விடுமுறை நாட்களில் வந்து பன்னிரண்டு பக்கத்தையும் மறுபடி செய்து கொடுத்தார். கெட்டுப்போன மாதிரி அச்சிலிருந்து ஒரு நீல யானையை வெட்டிச் சுவரில் ஒட்டி, கீழே 'மஞ்சளை அணை' என்று எழுதி வைத்திருக்கிறார். ஒளித்து வைக்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

புது மேற்பார்வையாளருக்கு அந்த யானைதான் ஆயுதம். முப்பத்தொரு வயது, மரியாதையான பையன், யாரையும் ஒருமையில் பேசமாட்டார். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து இரண்டு திரைகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். நிஜமாகவே பதினொரு மணிக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை தலையை அண்ணாந்து கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொள்வார். அவர் வந்த மாதமே எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் ஒரு புரோகிராம் ஏறியது. யாருடைய பேனாவாவது ஒரு நிமிடம் அசையாமல் இருந்தால், கண்ணாடி அறைத் திரையில் அந்த ஆளின் பெயருக்கு நேரே ஒரு சிவப்புப் புள்ளி விழும். மற்றவர்களுக்கு நாளைக்கு மூன்று நான்கு விழுந்தது. மணியக்காவின் பெயருக்கு நேரே அம்மை போட்டதுபோல் இருந்தது.

"மேடம், ஒரு நாளைக்கு இருபது தடவை எழுந்து போறீங்க. மத்தவங்களுக்கு அது தப்பான உதாரணம்."

"வேலை எதுலயாவது பின்தங்கியிருக்கா சார்?" மணியக்காவுக்குப் பிரியம் வந்தால் அவர் தம்பி. கோபம் வந்தால் சார்.

"அது இல்ல மேடம். ஏற்கெனவே உங்க கண்ணால ஒரு புத்தகம் நீலமாப் போயிருக்கு."

"போச்சு. சரிபண்ணியும் கொடுத்தாச்சு. உங்க கண்ணு ஏன் இப்படிச் செவந்திருக்கு?"

"என் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. நான் கண்ணாடிகூடப் போடறதில்ல."

ஒரு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. சாப்பாட்டு நேரம் தவிர இருக்கையை விட்டு எழுந்து போகமாட்டேன், மேசையில் மணி வைத்துக்கொள்ள மாட்டேன் என்று உறுதி கூறிக் கையெழுத்திடவேண்டும். நாளை நாலு மணிக்குள் கையெழுத்து இல்லாவிட்டால் நாளை மறுநாள் வரவேண்டாம். மணியக்கா கடிதத்தைக் கையில் வாங்கி ஒரு பார்வை பார்த்தார்.

"எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கு சார். பெருசா அச்சடிச்சுக் கொண்டாங்க."

கேலியா நிஜமா என்று தெரியாமல் மேற்பார்வையாளர் கொஞ்ச நேரம் நின்றார். போய்ப் பெரிதாக அச்சடித்துக்கொண்டு வந்தார். மணியக்கா கையை நீட்டித் தள்ளிப் பிடித்து, ஒரு சொல் விடாமல் படித்து, மடிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டில் மணியக்கா கடிதத்தைப் படித்துக் காட்ட, ஓட்டுநர் தட்டில் கையை வைத்தபடியே கேட்டார். "கையெழுத்தைப் போட்டுக் குடுத்துரு. ரெண்டு நாள் கழிச்சுப் பழையபடி மணியை வச்சுக்க. யாரு கேக்கப் போறா?"

"போட்டா போட்டதுதாங்க. போட்டுட்டுப் பொய் சொல்ல எனக்கு வராது."

"அப்ப போடாத."

"எவ்வளவு சுலபமா சொல்றீங்க! எனக்குப் பயமா இருக்கு. நாப்பத்தாறு வயசுல யாரு வேலை குடுப்பாங்க?" இத்தனை வருடத்தில் அந்த மேசையை விட்டுப் போவதைப் பற்றி அவர் நினைத்ததே இல்லை. நிறம் கொடுப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசை இல்லை. கொஞ்ச நேரம் அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார்: "வேலை போனா நாலு எடத்துல போய்க் கேக்கலாம். அன்னைக்கு வாசல்ல நின்னீங்களே, உங்க மூஞ்சி தெரியாம நான் சட்டையைப் பாத்துக்கிட்டு நின்னேனே... கண்ணு போனா யாருகிட்டப் போய்க் கேக்குறது?"

ஓட்டுநர் தன் தட்டிலிருந்த முட்டையில் பாதியை எடுத்து மனைவியின் தட்டில் வைத்தார். அன்றைக்கு அது கல்.

மறுநாள் காலை கொடியில் பதினொரு கிளிப். மத்தியானம் பதினொன்று. முதலையின் முதுகு முடிந்து வாய்க்கு வந்தாயிற்று. பற்கள் நுணுக்கமான வேலை, படத்தைப் பெரிதாக்கிக்கொண்டார். கடிதம் பேனாவுக்குப் பக்கத்திலேயே விரித்தபடி கிடந்தது. கையெழுத்துக்கான இடம் காலி. நாலு மணிக்கு மேற்பார்வையாளர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். எட்டு மேசைகளும் வேலை செய்வதுபோல் பாவனை செய்தன.

"போட்டுட்டீங்களா மேடம்?"

"இன்னும் இல்ல சார்."

"போடுங்க. இதை நான் எடுத்துக்கறேன்." வருத்தத்தோடுதான் சொன்னார். மேசைமேலிருந்த மணியைக் கையில் எடுத்துக்கொண்டார். மணியக்கா பையிலிருந்து மைப்பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், கடிதத்தை அருகே இழுத்தார். பேனா முனை தாளுக்கு ஒரு விரல் உயரத்தில் நின்றது. பக்கத்து மேசைக்காரர் பாவனையை விட்டுவிட்டு நேராகவே பார்த்தார்.

மேற்பார்வையாளரின் கைக்குள் மணி அடித்தது.

அவர் திடுக்கிட்டுப்போய் அதை இப்படித் திருகினார், அப்படித் திருகினார். அது நிற்கவில்லை. அந்த மணிக்கு வயதாகிவிட்டது. தொடங்கினால் அடித்து முடித்துவிட்டுத்தான் ஓயும். மணியக்கா பேனாவை மூடினார். கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். பதினெட்டு அடி நடந்து போய் ஜன்னலைத் தள்ளி, இடது கையால் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். மணியைக் கைக்குட்டைக்குள் சுற்றிப் பார்த்தும் பயனில்லாமல், மேற்பார்வையாளர் அவர் பின்னாலேயே வந்தார்.

"மேடம், இதை எப்படி நிறுத்துறது?"

"நிறுத்த வேணாம், அதுவே நின்னுடும். அதுவரைக்கும் அந்தக் கொடியில எத்தனை கிளிப் இருக்குன்னு எண்ணுங்க."

"எந்தக் கொடி?"

"மரத்துக்கு அந்தாண்ட, நாலாவது மாடி. நான் சொல்றேன், பதினொன்னு. வெளிச்சம் பளிச்சுன்னு இருக்கு. எண்ணிச் சொல்லுங்க சார்."

மேற்பார்வையாளர் கண்ணைச் சுருக்கினார். கசக்கிவிட்டு மறுபடி சுருக்கினார். கைக்குட்டைக்குள் மணி தேய்ந்து தேய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. கழுத்தை நீட்டினார், கையை நெற்றியில் வைத்து மறைத்துப் பார்த்தார். அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு கலக்கம் தெரிந்தது.

"கிளிப் எங்க மேடம்... கொடியே தெரியலையே. பால்கனியே மங்கலாத்தான் இருக்கு."

"உங்களுக்கு முப்பத்தொன்னு தம்பி," என்றார் மணியக்கா.

மணி நின்றது. அலுவலகத்தில் எந்தப் பேனாவும் அசையவில்லை. கண்ணாடி அறைக்குள் ஆளில்லாத திரையில் எட்டுப் பெயருக்கும் நேரே சிவப்புப் புள்ளி விழுந்துகொண்டிருந்திருக்கும். மேற்பார்வையாளர் இன்னும் கொடியைத் தேடிக்கொண்டு நின்றார். மணியக்கா ஜன்னல் கதவைத் தோளால் முட்டுக்கொடுத்து நிறுத்தினார். இரண்டு கைகளாலும் கடிதத்தை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார், எட்டாக மடித்து நகத்தால் அழுத்தினார். குனிந்து, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருந்த இடுக்கில் அதைச் செருகி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி இறுக்கினார்.